கைரேகை விழாத பாட்டி



பொங்கல் விடுமுறை முடிந்ததும் விஸ்காம் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து நமக்குக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இறுதியாண்டு ப்ராஜெக்ட் நெருங்குகிறது, குறும்படம் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். கேமரா தெரிந்த நண்பன் இருக்கிறான், எடிட்டிங் தெரிந்த தோழி இருக்கிறாள், நடிக்க வகுப்பே தயாராக இருக்கிறது. ‘நல்ல கான்செப்ட்தான் மாட்டவில்லை, நீங்கள் ஒன்று சொல்லுங்களேன்’ என்று கடிதம் முடியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத ஆசைதான். இந்த மாதம் இந்தப் பக்கத்தையே அவர்களுக்கான பதிலாக எழுதுகிறேன். குறும்படத்துக்கும் நமக்கும் என்ன என்று நினைக்கும் மற்ற வாசகர்களும் கூடவே வாருங்கள். முடிவில் உங்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது.

பலர் தாங்கள் யோசித்துவைத்த ஒன்லைன்களையும் எழுதி அனுப்புகிறார்கள். போதையில் சீரழியும் மாணவன், செல்போனில் மூழ்கிப்போன குடும்பம், ஆளில்லாத வீட்டுக்குள் போகும் நான்கு நண்பர்கள், முதியோர் இல்லத்தில் விடப்பட்ட அப்பா. இவற்றில் எதையும் தொடக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். போதை நம் ஊர்களில் நிஜமான துயரம். ஆனால் கடிதத்தில் வரும் அந்தப் பையனுக்குக் கலைந்த தலை, சிவந்த கண், நடுங்கும் கை என்று எல்லாமே வேறு படங்களிலிருந்து வந்தவை. அவன் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான், அம்மாவிடம் என்ன சொல்லிக் காசு வாங்குகிறான், தங்கை அவனிடமிருந்து எதை ஒளித்து வைக்கிறாள் என்று எழுதியவருக்குத் தெரிவதில்லை. தெரிந்திருந்தால், அப்படி ஒருவன் உங்கள் தெருவிலேயே இருந்தால், அந்தத் தங்கை ஒளித்து வைக்கும் பொருளிலிருந்து படத்தைத் தொடங்கலாம். அது யாரும் எடுக்காத படமாக இருக்கும்.

‘கான்செப்ட்’ என்று நீங்கள் எழுதுவது பெரும்பாலும் ஒரு தலைப்பாக இருக்கிறது. குடிநீர்ப் பஞ்சம், வரதட்சணை, பெண் கல்வி எல்லாம் தலைப்புகள். கட்டுரைப் போட்டிக்கு அவை போதும். கேமரா முன்னால் ஒரு தலைப்பை நிறுத்த முடியாது, ஓர் ஆளைத்தான் நிறுத்த முடியும். அந்த ஆளுக்கு இப்போதே, இன்றைக்கே ஏதோ ஒன்று வேண்டும். அது எளிதில் கிடைக்கவில்லை. இந்த இரண்டும் சேர்ந்தால் ஐடியா பிறந்துவிடுகிறது. எவ்வளவு சின்ன ‘வேண்டும்’ என்றாலும் பரவாயில்லை.

எவ்வளவு சின்னது என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த மாணவர் படம் ஒன்றைச் சொல்கிறேன். ஜேன் கேம்பியன் 1982-ல் ஆஸ்திரேலியத் திரைப்படப் பள்ளியில் படிக்கும்போது எடுத்த ‘பீல்’. ஒன்பது நிமிடம். நெடுஞ்சாலையில் ஒரு கார். உள்ளே ஒருவர், அவருடைய சகோதரி, அவருடைய சின்னப் பையன், மூவர் மட்டும். பையன் ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தோலை ஜன்னல் வழியாக வெளியே வீசிக்கொண்டே வருகிறான். அப்பா வண்டியை நிறுத்தி, போட்டதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வா என்கிறார். பையன் முறைத்துக்கொண்டு வந்த வழியே நடக்கிறான். டி.வி. நிகழ்ச்சி தவறிவிடும் என்று அத்தைக்குக் கோபம். பையன் தோலைப் பொறுக்கிக்கொண்டு திரும்பி வந்தால், காத்திருந்த நேரத்தில் அத்தை ஒரு பழத்தை உரித்துத் தரையில் போட்டிருக்கிறாள். இப்போது அப்பாவும் பிள்ளையும் ஒரு கட்சி. அவள் பொறுக்க மாட்டாள், அவர்கள் கிளம்ப மாட்டார்கள். வண்டி அங்கேயே நிற்கிறது. அவ்வளவுதான் படம். அதில் நடித்தவர்கள் நிஜமாகவே ஒரே குடும்பத்தார். 1986-ல் கான் விழாவில் குறும்படத்துக்கான தங்கப் பனை விருது இதற்குத்தான் கிடைத்தது.

ஒரு பழத்தோல், ஒரு கார், மூன்று பேர். ஆனால் ஒரு வீட்டுக்குள் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அது யாரிடமிருந்து யாருக்கு மாறுகிறது, பிடிவாதம் எப்படி ரத்தத்தில் வருகிறது என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. கேம்பியன் ‘குடும்பத்தில் அதிகாரம்’ என்று தொடங்கியிருந்தால் நாலு பேர் உட்கார்ந்து பேசும் ஒரு படம் வந்திருக்கும்.

ஈரானின் அப்பாஸ் கியாரோஸ்தமியின் முதல் படம் ‘ரொட்டியும் சந்தும்’. 1970-ல், குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்குமான ஓர் அரசு நிறுவனத்துக்காக எடுத்தது. ஒரு பையன் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான், சந்தில் ஒரு நாய் குரைக்கிறது, பயத்தில் நிற்கிறான். யாராவது பெரியவர் வந்தால் பின்னாலேயே போய்விடலாம் என்று பார்க்கிறான், அவரும் பாதியில் வேறு வழியில் திரும்பிவிடுகிறார். கடைசியில் ரொட்டியைக் கொஞ்சம் பிய்த்து நாய்க்குப் போடுகிறான். நாய் வாலாட்டிக்கொண்டு அவன் வீட்டுவரை வருகிறது, கதவு சாத்தப்பட்டதும் வாசலிலேயே படுத்துக்கொள்கிறது. அப்புறம் வேறொரு பையன் கையில் கிண்ணத்துடன் வருகிறான், அவனைப் பார்த்துக் குரைக்கிறது. வசனமே இல்லை. நாய்க்குப் பயந்து தெருமுனையில் நின்ற அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை?

வசனமே இல்லாமல் எடுத்துப் பாருங்கள் என்று புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் வற்புறுத்துவேன். சத்யஜித் ராய் ‘பாதேர் பாஞ்சாலி’, ‘சாருலதா’ எல்லாம் எடுத்தவர். அவரே 1964-ல் ‘டூ’ என்ற குறும்படத்தை ஒரு வார்த்தைகூட இல்லாமல் எடுத்தார். மாளிகை ஜன்னலில் விலையுயர்ந்த பொம்மைகளோடு ஒரு பையன், கீழே குடிசைப் பக்கம் புல்லாங்குழலோடும் பட்டத்தோடும் இன்னொரு பையன். இருவரும் பேசிக்கொள்வதில்லை, போட்டி மட்டும் போடுகிறார்கள். மாணவர் படங்களில் நாம் அதிகம் பார்க்கும் சங்கடம், நடிக்கப் பழகாத நண்பர்கள் நீளமான வசனத்தை ஒப்பிப்பது. அதே நண்பனிடம் சைக்கிள் செயினை மாட்டச் சொல்லுங்கள், அழகாகச் செய்வான், ஏனென்றால் அது அவனுக்குத் தெரிந்த வேலை. கைக்கு வேலை கொடுத்தால் முகம் தானாகச் சரியாகிவிடும்.

இப்போது ஒரு ஐடியா எப்படி வளர்கிறது என்று நாம் சேர்ந்தே பார்ப்போம். ரேஷன் கடைக்கு வாருங்கள். அரிசி, சர்க்கரை வாங்க இப்போது மெஷினில் விரல் வைக்க வேண்டும். வயதானவர்களுக்கும் கையால் கடுமையாக உழைத்தவர்களுக்கும் ரேகை தேய்ந்துபோயிருக்கும், மெஷின் ஏற்காது. ‘பாட்டி, நல்லா தொடச்சிட்டு வைங்க’ என்பார் பில் போடுகிறவர். பாட்டி முந்தானையில் துடைத்துவிட்டு வைப்பார். ‘அந்தக் கை வைங்க.’ அதுவும் விழாது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். ‘வீட்ல வேற யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க பாட்டி.’

இதை நம்மில் பலர் வரிசையில் நின்றபடி பார்த்திருக்கிறோம். தலைப்பாகச் சொன்னால் ‘தொழில்நுட்பமும் முதியோரும்’. அப்படித் தொடங்கினால் அரசாங்கத்தைத் திட்டும் வசனம் ஒன்றும் சோக இசையும் வரும், படம் அத்தோடு நின்றுவிடும். அந்தப் பாட்டியிடமிருந்து தொடங்குவோம். அவர் யார்? முப்பது வருடம் சித்தாள் வேலை பார்த்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிமென்ட் அவர் விரல் ரேகையைத் தின்றுவிட்டது. அந்த ஊரில் பாதி வீடுகளுக்குக் கலவை சுமந்தவர். ரேஷன் கடைக் கட்டடத்துக்கும் சுமந்திருக்கலாம். அதை யாரும் வாயால் சொல்ல வேண்டாம், கடைச் சுவரில் அவர் கை வைத்து நிற்கிற விதத்திலேயே சொல்லிவிடலாம்.

அவருக்கு இன்று என்ன வேண்டும்? அரிசி என்றால் நாளைக்கும் வாங்கலாம், அவசரம் இல்லை. பேத்தி ஊரிலிருந்து வருகிறாள், அவளுக்குப் பாயசம் வைக்க வேண்டும், இன்று மாதக் கடைசி, சர்க்கரையை இன்று விட்டால் போயிற்று. இப்போது கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. தடை என்ன? மெஷின், வரிசையின் பொறுமையின்மை, மதியச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தும் நேரம். அவர் என்னென்ன செய்து பார்ப்பார்? விரலைக் கழுவுவார், தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றுவார், எதிர்க் கடையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கேட்பார். முதல் முயற்சி நமக்குச் சிரிப்பு வரவைக்கும், மூன்றாவது முயற்சியில் சிரிப்பு நின்றுவிடும். நீங்கள் யாரையும் அழவைக்கப் பாடுபட வேண்டாம், வரிசை அதைப் பார்த்துக்கொள்ளும்.

முடிவுக்கு வரும்போதுதான் பிள்ளைகள் ‘ட்விஸ்ட்’ தேடத் தொடங்குகிறார்கள். பாட்டி இறந்துவிடுவது, எல்லாம் கனவாகப் போவது, பில் போடுகிறவர்தான் அவர் தொலைத்த மகன் என்பது. வேண்டாம். இந்தப் பாட்டியின் நிலைமைக்குள்ளேயே பல முடிவுகள் இருக்கின்றன. பின்னால் நிற்கும் சிறுமி, எதையும் யோசிக்காமல், தன் விரலை நீட்டலாம். மெஷின் அவளை வேறு யாரோ என்று தள்ளிவிடும், ஆனால் பாட்டி அவளைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். அல்லது கடை சாத்தப்பட்டு, பாட்டி வெளியே வருகிறார். பக்கத்தில் புதுவீட்டு வாசலில் போட்ட சிமென்ட் இன்னும் காயவில்லை. அவர் குனிந்து கட்டைவிரலை அழுத்திப் பார்க்கிறார். அங்கே விழுகிறது. அல்லது பில் போடுகிறவர் தன் வீட்டுச் சர்க்கரையில் கொஞ்சம் பொட்டலம் கட்டித் தருகிறார், பாட்டி அதை வாங்க மறுத்துவிடுகிறார். மூன்றில் எனக்குப் பிடித்தது கடைசி. அதில் பாட்டிக்கு மானம் இருக்கிறது, பில் போடுகிறவரும் வில்லன் ஆகவில்லை. உங்களுக்கு வேறொன்று தோன்றலாம், தோன்ற வேண்டும். பல கடைகளில் ஓ.டி.பி., கருவிழிப் பதிவு என்று மாற்று வழிகளும் வந்திருக்கின்றன. அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பாட்டியிடம் செல்போன் இருக்கிறதா, அந்த நம்பர் யாருடையது என்று கேட்டால் அதற்குள் இன்னொரு கதை கிடைக்கும். விசாரிக்க விசாரிக்க ஐடியா வளரும் என்பதைக் கடை வாசலில் அரை நாள் உட்கார்ந்தால் நீங்களே காண்பீர்கள்.

இந்தக் கதையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தூத்துக்குடிப் பிள்ளை எடுத்தால் பாட்டி உப்பளத்துக்காரி ஆகட்டும். முக்கூடல் பக்கத்துப் பிள்ளை எடுத்தால் பீடி சுற்றியவர் ஆகட்டும். திருப்பூர்ப் பிள்ளைக்குப் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிய பாட்டி தெரிந்திருக்கும். தேய்ந்த விதம் ஒவ்வோர் ஊரிலும் வேறு. அந்த வித்தியாசம்தான் உங்கள் படத்தை இன்னொருவர் படத்திலிருந்து பிரித்துக் காட்டும்.

வீட்டில் கேட்ட கதைகளையும் மறந்துவிடாதீர்கள். மைசூரில் மருத்துவம் படித்துவிட்டு, புனே திரைப்படக் கல்லூரிக்குப் போன சிதானந்த நாயக் அங்கே எடுத்த கன்னடக் குறும்படம், 2024-ல் கான் விழாவின் மாணவர் பிரிவில் முதல் பரிசு பெற்றது. ஒரு கிழவி ஊர்ச் சேவலைத் திருடிக்கொண்டு போய்விடுகிறாள், சேவல் கூவாததால் ஊரில் பொழுதே விடியவில்லை. கர்நாடகத்தில் காலங்காலமாகச் சொல்லப்படும் நாட்டுப்புறக் கதை. பதினாறு நிமிடப் படம். இதைப் போன்ற கிழவிகளும் சேவல்களும் நம் ஊர்க் கதைகளிலும் நிறைய உண்டு. ஊர்களில் இருக்கும் நம்பிக்கைகளும் அப்படித்தான். போட்டோ எடுத்தால் உயிர் போய்விடும் என்று நம்பும் ஒரு கிராமத்தை வைத்து ராம்குமார் ஒரு குறும்படம் எடுத்தார். கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சிக் காலத்தில் வந்த அதுதான் 2014-ல் ‘முண்டாசுப்பட்டி’ என்ற முழுநீளப் படமானது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் என்று ஒரு தலைமுறையே அந்த நிகழ்ச்சி வழியாக வந்தது உங்களுக்குத் தெரியும். அதனாலேயே இப்போது பல பிள்ளைகள் குறும்படத்தைத் தயாரிப்பாளரிடம் காட்டும் விசிட்டிங் கார்டாக நினைத்து, இரண்டரை மணி நேரக் கதையைப் பத்து நிமிடத்தில் திணிக்கிறார்கள். பத்து வருடக் காதல், பிரிவு, திருமணம், மரணம் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும், எதிலும் நாம் நிற்க முடியாது. குறும்படத்தில் ஒரே ஒரு மதியம் போதும்.

சிறுகதை வாசிக்கிற பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே புரியும். கி.ராஜநாராயணனின் ‘கதவு’ கதையில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் கதவில் ஏறி ஆடுகிறார்கள், தீர்வை கட்டாததற்காக, வசூலிக்க வந்தவர்கள் அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு கதவு, இரண்டு பிள்ளைகள். அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ ஸ்டுடியோ ஆபீசுக்கு வேலை கேட்டு வரும் ஒரு மனிதன் புலியாக மாறிக் காட்டும் சில நிமிடங்களை மையமாகக் கொண்டது. இவற்றைப் படமாக்கச் சொல்லவில்லை. ஒரு பெரிய வாழ்க்கையை ஒரு பொருளுக்குள், ஓர் அறைக்குள் எப்படி நிறுத்துகிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறேன். படமாக்க விரும்பினால் எழுத்தாளரின் குடும்பத்தாரிடமோ பதிப்பாளரிடமோ அனுமதி கேட்டுவிடுங்கள். புதுமைப்பித்தன் போன்ற பலரின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டன, அங்கே தடையில்லை.

காசில்லை என்ற கவலையைப் பற்றி ஒரு வார்த்தை. கையில் என்ன இருக்கிறதோ அதிலிருந்து யோசியுங்கள். மாமாவின் ஆட்டோ, பூட்டிக் கிடக்கும் பாட்டி வீடு, அப்பா வேலை பார்க்கும் அச்சகம், நண்பனின் டியூஷன் சென்டர். அங்கே என்ன நடக்க முடியும் என்று கேளுங்கள். பிரான்ஸில் கிறிஸ் மார்க்கர் 1962-ல் எடுத்த ‘லா ஜெத்தே’ காலப் பயணம் பற்றிய அறிவியல் கதை. இருபத்தெட்டு நிமிடப் படம் ஏறக்குறைய முழுக்க அசையாப் புகைப்படங்களாலேயே ஆனது. ஒரே ஓர் இடத்தில் மட்டும், உறங்கும் பெண் கண் திறக்கும்போது, படம் அசைகிறது. பார்க்கிறவர்களுக்கு உடல் சிலிர்த்துவிடும். 1895-லேயே லூமியேர் சகோதரர்கள் ஒரு தோட்டக்காரர், ஒரு ரப்பர் குழாய், அதை மிதித்து விளையாடும் ஒரு பையன் ஆகிய மூன்றை வைத்து ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் உலகைச் சிரிக்க வைத்தார்கள்.

கல்லூரிகளில் ‘படத்தின் மெசேஜ் என்ன?’ என்று கேட்கும் ஆசிரியர்களுக்கும் அன்போடு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கேள்விக்குப் பயந்தே பிள்ளைகள் கடைசியில் கறுப்புத் திரையில் ஓர் அறிவுரையை எழுதிவிடுகிறார்கள். அதுவரை நம்மோடு இருந்த பாட்டி அந்த நொடியில் காணாமல் போய்விடுகிறார். அதற்குப் பதிலாக ‘இந்த ஆளை உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத பிள்ளை போய் விசாரித்துக்கொண்டு வரும்.

பிள்ளைகளிடம் ஒரு கண்டிப்பும் உண்டு. ரேஷன் கடை வாசலில் நிற்கும் நிஜப் பாட்டியைக் கேட்காமல் செல்போனில் படம் பிடிக்காதீர்கள். அவர் கதை உங்களுக்கு வேண்டுமானால் உட்கார்ந்து பேசுங்கள், என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று புரியும்படி சொல்லுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எடுத்த படத்தை முதலில் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். தன் வாழ்க்கை அதில் சரியாக இருக்கிறதா என்று சொல்ல அவரைவிடத் தகுதியான ஜூரி கிடையாது.

இனி, முதலில் சொன்ன வேண்டுகோள். மூத்த வாசகர்களே, உங்கள் வேலையைப் பற்றிப் பேரன் பேத்திகளிடம் விவரமாகச் சொல்லியிருக்கிறீர்களா? தந்தி ஆபீசில் இருந்தவர்கள், டூரிங் டாக்கீஸில் ரீல் ஓட்டியவர்கள், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் கொடுத்த அக்காக்கள், அரிசி மில்லில் நெல் அவித்தவர்கள். எத்தனை மணிக்குப் போவீர்கள், கையில் என்ன இருக்கும், எந்தச் சத்தம் காதில் இருந்துகொண்டே இருக்கும், மேஸ்திரிக்குத் தெரியாமல் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். அந்தக் காலம் நல்ல காலம் என்று பொதுவாகச் சொன்னால் அவர்களுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. மேஸ்திரிக்குத் தெரியாமல் செய்ததைச் சொன்னால் அடுத்த நாளே ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்துவிடுவார்கள்.

கடை வைத்திருக்கும் வாசகர்களுக்கும் வீட்டில் ஒரு நல்ல திண்ணை வைத்திருக்கும் வாசகர்களுக்கும் இன்னொன்று. அடுத்த சில வாரங்களில் உங்கள் வாசலில் நாலைந்து பிள்ளைகள் வந்து தயங்கி நிற்கக்கூடும். ‘அண்ணா, ஒரு நாள் மட்டும் இங்க ஷூட் பண்ணிக்கலாமா?’ என்று கேட்பார்கள். உங்களால் முடிந்த நாளைச் சொல்லுங்கள். ஒரு பிளக் பாயின்ட்டும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தால் போதும். அவர்கள் ‘ரோல்’ என்று சொல்லும்போது தலைக்கு மேல் ஓடும் ஃபேனை மட்டும் நிறுத்திவிடுங்கள், அந்தச் சத்தம் மைக்கில் ஏறிவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்